பத்து லட்சத்தில் பியூலா

ஜூன் 3, செவ்வாய்

நாசரேத் வந்து சேர்ந்தாயிற்று. பாளையங்கோட்டையிலிருந்து வேனில் வந்த வழியெல்லாம், இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ மெஷின் குலுங்கிவிடாமல் ஒரு கையால் அணைத்தபடியே வந்ததில் தோள் வலிக்கிறது.

இது எங்கள் மருத்துவக் கல்லூரியின் கணக்கெடுப்பு வேலை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிவிடும் நோய் நம் பக்கத்து ஜனங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். டாக்டர் வள்ளிநாயகம் குலுக்கல் போட்டுத் தெருக்களை எடுத்திருக்கிறார். அந்தத் தெருக்களில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரையும், நன்றாக இருக்கிறேன் என்பவர்களையும் சேர்த்து, பள்ளிக்கூட ஹாலுக்கு வரவழைத்து எக்கோ பார்க்க வேண்டும். இத்தனை வருடமும் ஆஸ்பத்திரியில் எக்கோ டெக்னீஷியனாக நோயாளிகளின் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிது.

மற்றவர்களுக்கு லாட்ஜ். எனக்குத் தங்கை வீடு. பியூலா இங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வாசலிலேயே கட்டிக்கொண்டாள். இளைத்திருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

"பிரஷர் பாக்க வந்திருக்கோம்" என்றால் எல்லாரும் கையை நீட்டுகிறார்கள். கையில் கட்டிப் பார்ப்பது வேறு, இது நெஞ்சுக்குள்ளே இருக்கிற வேறு பிரஷர் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெரியவர், உள்ளே பார்க்கிறதுதான் பார்க்கிறாய், என் பாவம் ஏதாவது தெரிகிறதா என்றார்.

வீட்டில் நல்ல சாளை மீன் குழம்பு. பியூலா தேங்காய் துருவும்போது நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். கேட்டால் வெயில் என்றாள். அவளுடைய மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அவளுக்கு எந்த வேலையும் சுறுசுறுப்பாக வராது, என்னவோ கல்யாணமாகி வந்த முதல் வருடம் இருந்த வேகம் இப்போது இல்லை என்று என் காதுபடவே சொன்னார். ரத்தம் குறைவு என்று யாரோ சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் மதுரைக்குப் போகப் போகிறார்களாம், குழந்தைக்காக வைத்தியம் பார்க்க. அவள் கணவர் ஜெபக்குமார் லீவு கேட்டுவிட்டார். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு லீவு கிடைப்பதே பெரிய காரியம். பியூலா அதைச் சொல்லும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 12, வியாழன்

இன்று அவர்கள் தெரு. பியூலாவுக்கு எக்கோ பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன்.

ராத்திரிக்கு நான்தான் ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

அவளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, சும்மா பேசிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். திரையில் படம் வந்ததும், வேறு யாருடைய படமோ தங்கிவிட்டது என்று நினைத்து மெஷினை ஒரு தடவை நிறுத்திப் போட்டேன். இதயத்தின் வலது பக்கம்தான் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளுவது. அது சின்னதாக, ஒல்லிச் சுவரோடு இருக்க வேண்டும். அவளுக்கு அது வீங்கி, இடது பக்கத்தை நெருக்கித் தட்டையாக்கியிருந்தது.

"என்னக்கா, பேச்சையே காணோம்" என்றாள்.

அசையாமல் படு, அளவு எடுக்கணும் என்றேன். முடிவைச் சொல்வது என் வேலை இல்லை. அது டாக்டருடைய வேலை. இந்த விதியை வேலைக்குப் புதிதாக வந்த எத்தனையோ பெண்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். டாக்டர் வள்ளிநாயகம் வந்து, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் புரோபை என் கையிலிருந்து வாங்கி அவரே திரும்பப் பார்த்தார். பிறகு அவளிடம் மாடிப்படி ஏறினால் எப்படி இருக்கும், காலில் வீக்கம் வருமா, எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்டார்.

மயங்கி விழுந்திருக்கிறாள். தண்ணீர்க் குடத்தோடு, போன மாசியில். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பியூலா இப்போது பாளையங்கோட்டையில் என் வீட்டில். பரிசோதனைகள் நடக்கின்றன. சி.டி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி இல்லை. இதயத்தில் ஓட்டையும் இல்லை. நல்லது என்றுதான் நான் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டேன். டாக்டர் நல்லது என்று சொல்லவில்லை.

பால்காரரிடம் இன்னும் அரை லிட்டர் கூடப் போடச் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

நேற்று கழுத்து நரம்பு வழியாகக் குழாய் விட்டு அழுத்தத்தை நேராகவே அளந்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்று டாக்டர் பியூலா, ஜெபக்குமார், நான் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். நுரையீரல் ரத்த அழுத்தம் என்று பொதுவாகப் பார்த்தால் உலகத்தில் நூற்றில் ஒருவருக்கு இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்கிறார்கள். வயதானவர்களில் அதைவிட நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தின் இடது பக்கக் கோளாறோ நுரையீரல் நோயோ முதலில் வந்து, அதன் பின்னால் இது வரும். பியூலாவுக்கு அப்படி இல்லை. குழாய்களே தாமாகச் சுருங்கித் தடித்துப் போகிற வகை. அது அபூர்வம்.

"எத்தனை பேருக்கு டாக்டர்?" என்று பியூலா கேட்டாள்.

"பத்து லட்சம் பேருக்கு ஒரு அம்பது பேரு இருக்கலாம்மா. அதுக்குக் கொறஞ்சும் இருக்கலாம். நம்ம ஊருல யாரும் சரியா எண்ணினதில்ல. அதுக்குத்தான் தெருத்தெருவா வந்தோம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட முதல் பத்துக்குள்ளே வந்ததில்லை டாக்டர் என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். ஜெபக்குமார் சிரிக்கவில்லை. நானும்.

மாத்திரைகள் உண்டு, இப்போது முன்னைவிட நல்ல மாத்திரைகள், ஒழுங்காகச் சாப்பிட்டால் நன்றாகவே நடமாடலாம், விடாமல் சோதனைக்கு வர வேண்டும் என்றார். கடைசியாகத்தான் மற்றதைச் சொன்னார். கர்ப்பம் தரிக்கக் கூடாது. அந்த நேரத்தில் உடம்பில் ஏறும் ரத்தத்தின் அளவை அவளுடைய இதயம் தாங்காது. பிரசவத்தின்போதும் அதற்குப் பிந்தைய சில நாளிலும்தான் ஆபத்து அதிகம். மாத்திரைகளில் ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது.

வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். மதுரைக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

ஜெபக்குமார் மாத்திரை வாங்கிய கதையைப் பியூலா சொன்னாள். அவளுக்கு எழுதியிருப்பதில் ஒன்று, ஆண்களுக்கானது என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய அதே மாத்திரை. நுரையீரல் குழாய்களையும் அது தளர்த்தும். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து, தினம் மூன்று வேளையா என்று கேட்டு, பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். மனைவிக்கு என்று சொன்னதும் இன்னும் சிரிப்பு.

இனி நானே இங்கே வாங்கிக்கொள்கிறேன் என்று ஜெபக்குமாருக்கு போன் செய்தேன். "வேண்டாம் மைனி, நானே வாங்குதேன். பஸ்ஸுல சிரிக்கிறவன் எத்தனை பேர பாத்திருக்கேன்" என்றார்.

நல்ல மனிதர். இரண்டு வருடம் முன்னால் இவரைக் கஞ்சன் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். மாவு ஆட்டினேன். பியூலா இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடுவில் நிற்காமல் நடக்கிறாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, பிள்ளை பெற்றுப் பார்க்கப் போகிறேன் என்றாள்.

நான் புரியாத மாதிரி நின்றேன்.

"டாக்டர் ஆபத்துன்னுதானே சொன்னாவ. எல்லாரும் செத்துருவாவன்னு சொல்லலியே. பத்து லட்சத்துல அந்த அம்பதுல ஒருத்தியா வியாதி வரத் தெரிஞ்சவளுக்கு, பொழைக்கிறதுல மட்டும் ஒருத்தியா இருக்கத் தெரியாதாக்கா?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜெபக்குமாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, மாத்திரையை நிறுத்தினால்கூட அவருக்குத் தெரியாது என்றாள்.

ஜூலை 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. பியூலாவுக்கு நாங்கள் சொல்லி வளர்த்தது, அம்மா காய்ச்சல் கண்டு போனாள் என்பது. அப்பாவும் நானும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பொய் இல்லை. ஊரே அப்படித்தான் சொன்னது. பிரசவத்துக்கு அப்புறம் ஜன்னி என்றார்கள். அதற்கு முன்னால் ஆஸ்துமா என்றார்கள். கோயில் படியில் அம்மா பாதியில் நிற்பாள், நான் மேலே ஓடிப்போய்த் திரும்பி வந்து அவள் விரலைப் பிடித்து இழுப்பேன். பியூலா வயிற்றில் இருந்த கடைசி மாதங்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் பியூலாவுக்குப் பால் கொடுத்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இதைச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சொல்லும்போது வரிசை மாறிவிட்டது.

பியூலா கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். அவளால்தான் அம்மா போனாள் என்று அவள் எடுத்துக்கொள்வாளோ என்றுதான் இத்தனை வருடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டாள்.

"அம்மா என்னத் தூக்குனாளாக்கா?"

"கீழயே வைக்கல. தொட்டில்ல போடுன்னு அப்பா சொன்னாவ, கேக்கல."

அப்புறம் நீ தூக்கினாயா என்றாள். ஆமாம் என்றேன். ஒன்பது வயதில் எப்படித் தூக்கினாய் என்றாள். எப்படித் தூக்கினேன் என்று எனக்கும் நினைவில்லை. கனமாகத்தான் இருந்திருப்பாள்.

இரவு மாத்திரையைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 25, வெள்ளி

டாக்டரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். குடும்பத்தில் வருகிற வகையாக இருக்கலாம், நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் எப்சிபா என்றார். சரி என்றேன்.

இன்று நிறையக் கூட்டம். நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பியூலா ஊருக்குப் போனாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் விட்டுப்போன சீப்பை எடுத்து வைத்தேன்.

கணக்கெடுப்பு இப்போது சாத்தான்குளம் பக்கம். மெஷின் தினமும் என் கையில்தான் இருக்கிறது. எனக்குப் பார்த்துக்கொள்ளத்தான் நேரமில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று நாசரேத்தில் அசனம். கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு. நானும் போயிருந்தேன்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் பியூலாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, இந்த வருடமும் ஒன்றும் விசேஷம் இல்லையா என்று அத்தையிடம் கேட்டார். அத்தை, எல்லாம் செய்தாயிற்று, இவள் உடம்பு வாகு அப்படி என்று ஆரம்பித்தார். நோயைப் பற்றி அத்தைக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று பியூலா எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்தால் நோயாளி என்று மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள், கொஞ்ச நாள் எல்லாரையும் போல இருந்துகொள்கிறேன் என்று.

பியூலா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாம்பார் வாளியோடு எதிரே பரிமாறிக்கொண்டிருந்த ஜெபக்குமார் நின்றார்.

"அவளச் சொல்லாதம்மா. கொறை எங்கிட்டதான். டாக்டர் சொல்லியாச்சி."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தியில் அந்தப் பக்கம் பாதிப் பேர் காதில் விழுந்தது. அடுத்த இலைக்குப் போய், சாம்பார் போதுமா என்று கேட்டார்.

அத்தை அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. பஸ் ஏறப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகனுக்கு இப்படி ஆகிவிட்டதே, அவன் முகத்தில் எப்படி முழிப்பேன், இத்தனை நாளும் உன் தங்கச்சியைக் கரித்துக் கொட்டினேனே என்று அழுதார். நான் கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருநெல்வேலி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். தூசி விழுந்து கண் சிவந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பியூலா போன் செய்தாள். அத்தையிடம் அவளே உண்மையைச் சொல்லிவிட்டாளாம். தெருவில் போகும்போதெல்லாம் யாராவது இரண்டு பேர் ஜெபக்குமாரைப் பார்த்துக் கேலியாகச் செருமுகிறார்களாம். அவர் கண்டுகொள்ளவில்லை, ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை என்றாள்.

அத்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். எழுந்து கோயிலுக்குப் போய்விட்டு இருட்டும் முன் வந்தாராம். வந்ததும் தன் பெட்டி, பாய், பைபிள் எல்லாவற்றையும் மாடி அறைக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனாராம். கீழ் அறை இனி உங்களுக்கு, நீ படி ஏற வேண்டாம் என்றாராம். முட்டு வலிக்காரர் அவர்.

"அத்த மேல போவும்போது படியில நின்னு மூச்சு வாங்குதாவக்கா. நான் கீழ இருந்து பாத்துக்கிட்டே நிக்கேன். எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

செப்டம்பர் 6, சனி

கணக்கெடுப்பு முடிந்தது. வேனை அனுப்பிவிட்டு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம்.

டாக்டர் சொன்னார்: அழுத்தம் கூடியிருந்தவர்கள் பலர். பெரும்பாலும் வயதானவர்கள், பழைய இதயக் கோளாறுக்காரர்கள், காலமெல்லாம் விறகுப் புகையில் வெந்த நுரையீரல்காரர்கள். பியூலாவின் வகை, பியூலா மட்டும்தான். அதை வைத்து இத்தனை பேருக்கு ஒருவர் என்று சொல்லிவிட முடியாதாம். வேறு தெரு குலுக்கலில் வந்திருந்தால் ஒருவர்கூட அகப்பட்டிருக்க மாட்டார்.

இதைப் பியூலாவிடம் போனில் சொன்னேன். அப்படியானால் எங்கள் தெரு விழாமல் போயிருந்தால் நான் மதுரைக்குப் போயிருப்பேன் என்றாள். பிறகு, "என்ன மாதிரி இன்னும் எத்தனை பேரு, சோம்பேறின்னு பேரு வாங்கிக்கிட்டு வீட்டுல உக்காந்திருப்பாவளோ" என்றாள்.

போனை வைக்கும் முன், நீ உனக்குப் பார்த்துக்கொண்டாயா என்று கேட்டாள். பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாடி ஏறி மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். மூச்சு கொஞ்சம் வாங்கின மாதிரி இருந்தது. திரும்ப இறங்கி ஏறிப் பார்த்தேன். இந்தத் தடவை வாங்கவில்லை. வயதாகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பியூலா சோதனைக்கு வந்திருந்தாள். ஜெபக்குமாரும். அவளுடைய இதயத்தின் வலது பக்கம் வீக்கம் குறைந்து கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஆறு நிமிட நடைச் சோதனையில் ஜூலையில் நடந்ததைவிட அதிக தூரமே நடந்தாள். டாக்டருக்குச் சந்தோஷம். இப்படியே இருந்தால் போதும் என்றார்.

எழுந்திருக்கும்போது அவள், அக்காவுக்கு எக்கோ எப்படி இருந்தது டாக்டர் என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

பியூலா ஜெபக்குமாரை வெளியே இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கட்டிலில் கிடந்த விரிப்பைச் சரிசெய்தாள். "படு" என்றாள். அவள் என்னிடம் அப்படி ஒரு சொல்லாகப் பேசியதே இல்லை.

படுத்தேன். டாக்டரே பார்த்தார். தினமும் நான் உட்காரும் நாற்காலி, நான் பார்க்கும் திரை. இன்று சுவரைத்தான் பார்த்தேன். சுவரில் பல்லி கூட இல்லை. பியூலா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் நுனிகள் குளிர்ந்திருந்தன. டாக்டர் அளவு எடுக்கும் ஒவ்வொரு 'டிக்' சத்தமும் என்ன அளவு என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் அவர் கை நின்றால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். அந்த இடத்தில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு நகர்ந்தது.

"ஒண்ணுமில்ல எப்சிபா. நல்லா இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டா போதும்."

அவர் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பயமாக இருந்ததா என்று பியூலா கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்றுதான் பயந்தேன், உனக்கு மாத்திரை யார் எடுத்துக்கொடுப்பது என்று என்னவோ உளறினேன். அவள் சரி சரி என்றாள்.

தட்டிலிருந்த துணியை எடுத்து என் நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைத்தாள். எத்தனையோ பேரிடம் அந்தத் துணியை நீட்டி, துடைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆள் வாங்க என்று சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் துடைத்துவிட்டதில்லை. அவள் மெதுவாகத் துடைத்தாள். நடுவில் மூச்சு விட்டுக்கொள்ள நிறுத்தினாள். நான் அசையாமல் படுத்திருந்தேன். மறுபடி துடைத்தாள்.